சேகரக் கமிட்டிக்கு: ஏழைக் குடும்பங்களுக்கான மாத உதவியை நிறுத்த வேண்டாம்

மதிப்பிற்குரிய சேகர குருவானவர் அவர்களுக்கும் சேகரக் கமிட்டி உறுப்பினர்களுக்கும்,

போன ஞாயிறு ஆராதனை அறிவிப்பில் கமிட்டியின் தீர்மானத்தை வாசித்தீர்கள். ஏழைகள் நிதியிலிருந்து மாதந்தோறும் குடும்பங்களுக்குப் போய்க்கொண்டிருந்த உதவி இந்த மாதம் முதல் நிற்கும் என்றீர்கள். அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் 'நலத்திட்ட உதவிகள் வழங்கும் விழா' நடத்துவீர்களாம். சபை உறுப்பினர்கள் கட்டுகிற சந்தாவான சங்கக் காணிக்கையில் பாக்கி இல்லாதவர்களுக்கு மட்டும்தான் அதுவும். வாங்குகிறவர்கள் குடும்பத்தோடு மேடைக்கு வர வேண்டும், படம் எடுத்துக் கணக்கோடு வைக்கப்படும்.

வாசித்து முடித்ததும் பாட்டு எண்ணைச் சொன்னீர்கள், எல்லோரும் எழுந்து பாடினோம். ஆராதனை நடுவில் எழுந்து கேள்வி கேட்பது நம் வழக்கம் இல்லை. அதனால் எழுதுகிறேன். கமிட்டிக்கு மட்டும் தனியாகக் கொடுக்காமல் சபையார் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், அது எல்லோரும் போட்ட பணம்.

பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து வீடு சந்திக்கப் போகிறவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பட்டியலில் இருக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். உப்பளத்துக்குப் போகிறவர்கள், பனை ஏறி விழுந்து படுத்தவரின் வீடு, பீடி சுற்றுகிற விதவைகள், பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் போனபின் தனியாக இருக்கிற பெரியவர்கள். தீர்மானம் போட்டவர்களில் பெரும்பாலோர் இந்த வீடுகளின் வாசல்படி ஏறியதில்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். ஏறியிருந்தால் 'வருஷத்துக்கு ஒரு தரம் பெரிதாகக் கொடுத்துவிடலாம்' என்ற யோசனையே வந்திருக்காது.

உப்பள வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மாசி, பங்குனியில் உப்பு எடுக்கத் தொடங்கினால் புரட்டாசி வரை வேலை ஓடும். ஐப்பசியில் மழை விழுந்ததும் வேலை நின்றுவிடும். அதன் பிறகு பாத்தியைச் சரிபண்ணித் திரும்ப உப்பு எடுக்கிற வரைக்கும் கையில் கூலி கிடையாது. இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் 2022-ல் அரசே உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. 'அப்படியென்றால் டிசம்பரில் கொடுப்பது பொருத்தம்தானே' என்று கமிட்டியில் ஒருவர் என்னிடமே கேட்டார். பொருத்தம் இல்லை ஐயா. கடன் வாங்குவது ஐப்பசியில். முதலாளியிடம் முன்பணமோ வாரக் கடனோ அப்போதே வாங்கிவிடுகிறார்கள், மார்கழியில் நீங்கள் கொடுக்கிற பணம் வட்டிக்குப் போகும். மாதம் கொஞ்சம் போயிருந்தால் அந்தக் கடனில் பாதியாவது தேவைப்பட்டிருக்காது.

பனை வீடுகளுக்குக் கணக்கு வேறு. பதநீர் இறங்குகிற மாதங்களில் ஓரளவு சமாளிப்பார்கள், சீசன் முடிந்த பிறகுதான் இழுபறி. பிள்ளைகள் படிக்கிற வீடுகளுக்கு ஜூன் மாதம்தான் பெரிய இடி. நோயாளி இருக்கிற வீட்டுக்கு எல்லா மாதமும் ஒன்றுதான். டிசம்பர் மாதத்தில் தேவை கூடுவது உண்மையில் கொடுக்கிறவர்களுக்கு. வெளிநாட்டிலிருந்தும் சென்னையிலிருந்தும் நம் ஊர்க்காரர்கள் லீவுக்கு வருகிறார்கள், அவர்கள் வந்திருக்கும்போது ஏதாவது நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். ஆசை நல்லதுதான். அதற்காக மற்ற பதினொரு மாதத்தையும் பிடுங்கிக்கொண்டு போவது நல்லதில்லை.

அடுத்து, விழாவில் என்ன கொடுக்கப் போகிறோம் என்பது. ஒரு மூட்டை அரிசி, ஒரு சேலை, ஒரு போர்வை என்று கேள்விப்பட்டேன். 2011-லிருந்து ரேஷனில் அரிசி இலவசம். பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். நம் மாவட்டத்தில் இன்று அரிசி இல்லாமல் அடுப்பு எரியாத வீடு மிகக் குறைவு. எங்கள் காலத்தில், ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவருவோம். அந்தப் பிடியரிசியால் பல வீடுகள் சாப்பிட்டன. அன்றைய பசிக்கு அது சரியான மருந்து. இன்றைக்குக் குறைவது வேறு.

யார் என்று தெரியாதபடி ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். அந்த வீட்டுக்காரருக்கு வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். முதலமைச்சர் காப்பீட்டில் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. மனைவிக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. ஆனால் டயாலிசிஸ் முடிந்து வெளியே வருகிற மனிதரால் பஸ் படி ஏற முடியாது, ஆட்டோதான் வேண்டும். மாதக் கணக்கில் பார்த்தால் அந்த ஆட்டோ வாடகை அவர்கள் வீட்டு வாடகையைவிட அதிகம். அவர்களுக்கு நாம் போன கிறிஸ்துமஸ் விழாவில் என்ன கொடுத்தோம்? ஒரு மூட்டை அரிசியும் போர்வையும். அந்த அம்மா வாங்கிக்கொண்டு தோத்திரம் சொன்னார்கள். மறுவாரம் அந்த அரிசியைக் கடையில் பாதி விலைக்குக் கொடுத்து ஆட்டோவுக்குக் காசாக்கினார்கள். இதைக் கேள்விப்பட்ட ஒருவர், 'சபை கொடுத்த அரிசியை விற்றுவிட்டார்கள்' என்று கமிட்டியில் புகார் சொன்னதாகவும் அறிகிறேன். அந்தப் புகாரும் இந்தத் தீர்மானத்துக்கு ஒரு காரணம் என்றால், விசாரிக்க வேண்டியவர்கள் அந்த அம்மா அல்ல.

எல்லா உதவியும் பணமாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய், விண்ணப்பம் போடத் தெரியாமல் இருக்கிற பெரியவர்கள் நம் சபையிலேயே இருக்கிறார்கள். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் ஏன் வரவில்லை என்று கேட்க யாரிடம் போவது என்று தெரியாத பெண்கள் இருக்கிறார்கள். புதுமைப்பெண் திட்டம் 2022-ல் தொடங்கியபோது அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மட்டும்தான் இருந்தது. 2024 டிசம்பர் கடைசியில், நம் தூத்துக்குடியில் வைத்துத்தான், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அதை விரிவாக்கினார்கள். நம் மிஷன் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பெண் பிள்ளைகளுக்கு இது மாதம் 1,000 ரூபாய். எத்தனை வீட்டுக்கு இது தெரியும்? ஆராதனை முடிந்து ஒரு மேஜை போட்டு, கம்ப்யூட்டர் தெரிந்த இரண்டு வாலிபர்கள் உட்கார்ந்தால் நடக்கிற வேலை இது. வாலிபர் ஐக்கியத்துக்கு கீத ஆராதனைக்கு லைட் போடுகிற வேலையை மட்டும் கொடுத்து வைத்திருக்கிறோம்.

சங்கக் காணிக்கை விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதும்போதுதான் எனக்குக் கோபம் அடங்கவில்லை. சங்கக் காணிக்கை கட்டாதவர்களுக்குச் சபைத் தேர்தலில் ஓட்டு இல்லை என்பது நம் சட்டம், அதைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் சங்கம் கட்ட முடியாதவர்கள் யார்? பட்டியலில் இருக்கிற அதே குடும்பங்கள்தான். இல்லாததால் கட்டவில்லை, கட்டாததால் இல்லை என்று அவர்களைச் சுற்றிவிட்டிருக்கிறீர்கள். போன வாரமே ஒரு விதவைத் தாய் பழைய பாக்கியைக் கட்டக் கடன் கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். டிசம்பரில் கிடைக்கப்போகிற உதவிக்காக இப்போது வட்டிக்கு வாங்கிச் சபைக்குக் கட்டுவது! பொருளாளர் அண்ணன் இதைக் கேட்டால் பதறிப்போவார் என்று எனக்குத் தெரியும், அவர் மனசு அப்படி. ஆனால் தீர்மானத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. அதோடு, பட்டியலில் நம் சபையைச் சேராத சில குடும்பங்களும் உண்டு. கோயில் தெருவிலேயே குடியிருப்பவர்கள், நாம் நன்றாக அறிந்தவர்கள். அவர்கள் எந்தச் சங்கத்தைக் கட்டுவது?

நம் கோயிலிலேயே வருஷா வருஷம் அசனம் என்கிற பொதுவிருந்து நடக்கிறதே, அதை யோசித்துப் பாருங்கள். ஒருவர் ஆடு கொடுக்கிறார், ஒருவர் விறகு கொடுக்கிறார், ஒன்றும் கொடுக்க முடியாதவர் வந்து வெங்காயம் உரிக்கிறார். பந்தியில் உட்கார்ந்ததும் எல்லோருக்கும் ஒரே சோறு, ஒரே குழம்பு. மீதி இருப்பதைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போகிறவர்களை யாரும் நின்று பார்ப்பதில்லை. பந்தி வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு ஆளை நிறுத்தினால் அந்த அசனம் எப்படி இருக்கும்?

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தையும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஏரல், ஆத்தூர், ஸ்ரீவைகுண்டம் எல்லாம் தாமிரபரணிக்குள் நின்றன. செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டபோது அதிலிருந்த நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பக்கத்துப் புதுக்குடி ஊரார் இருக்கிற அரிசியைப் போட்டுப் பொங்கிக் கொடுத்தார்கள். நாமும் சமுதாயக் கூடத்தைத் திறந்தோம். யார் எந்தச் சபை, யார் எந்த மதம், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஒருவரும் கேட்கவில்லை. கணக்கு பிறகு எழுதினோம், ஒரு ரூபாய் குறையவில்லை. அந்த நாட்களில் கமிட்டியார் இரவெல்லாம் முழங்கால் தண்ணீரில் நின்றதை நானே பார்த்தேன். அதே ஆட்கள்தான் இந்தத் தீர்மானத்தைப் போட்டீர்கள் என்பதை நம்ப முடியவில்லை.

படம் எடுப்பது பற்றி. போன கிறிஸ்துமஸ் விழாவில் டோக்கன் கொடுத்து முன்வரிசையில் உட்கார வைத்தீர்கள். சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானதால் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, மூட்டையின் ஒரு முனையை விருந்தினரும் மறுமுனையை அவர்களும் பிடித்துக்கொண்டு காமிராவைப் பார்க்க வேண்டும். படம் சரியாக விழவில்லை என்று ஒரு தாத்தாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அன்று இரவே எல்லாப் படமும் சபை வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. அம்மாவோடு மேடையேறிய ஒரு பிளஸ் டூ பிள்ளையின் படம் அவள் பள்ளிக்கூடக் குழு வரைக்கும் போனது. நன்றாகப் பாடுகிற பிள்ளை. பாடகர் குழுவுக்கு அதன் பிறகு வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்தேன். "டீச்சர், அம்மாகிட்ட குடுத்தா நாங்க வாங்கியிருக்க மாட்டோமா?" என்று மட்டும் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை, உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், போய்ச் சொல்கிறேன்.

கொடுத்தவர்களைச் சிறப்பிக்க வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். தோத்திரப் பண்டிகைக்குக் காணிக்கையாக வந்த பொருள்களின் ஏலத்தில் ஒரு பூசணிக்காயை அண்ணன் தம்பி இரண்டு பேர் போட்டி போட்டு ஆயிரக்கணக்கில் ஏற்றிவிடும்போது நானும் கைதட்டிச் சிரிக்கிறவள்தான். அவர்கள் பெயரை மைக்கில் பத்து தடவை சொல்லுங்கள், யாருக்கும் குறை வராது. வாங்குகிறவர்கள் பெயர் மைக்குக்கு வர வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

கமிட்டியின் பக்கத்தையும் கேட்டேன். இரட்டைப் பெயர்கள் இருக்கின்றன, வேறு இடத்திலும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஆடிட்டர் ஆதாரம் கேட்கிறார், மாதா மாதம் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை என்கிறீர்கள். முதல் மூன்றும் நியாயமான கவலை. பொதுப் பணத்துக்குக் கணக்கு வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் பணம் கொடுத்த ரசீதுக்குக் கையெழுத்து போதும், முகம் எதற்கு? இரண்டு பேர் சேர்ந்து வீட்டுக்குப் போய்ப் பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கினால் எந்த ஆடிட்டரும் ஏற்றுக்கொள்வார். இரட்டைப் பெயரைக் கண்டுபிடிக்கவும் வீட்டுக்குப் போவதுதான் வழி. மேடையில் வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. நாலாவது காரணம், ஆள் இல்லை என்பது, சரியில்லை. பெண்கள் ஐக்கிய சங்கம் இத்தனை வருஷம் போய்க்கொண்டுதானே இருக்கிறது? எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திருநெல்வேலிச் சீமையின் சபைகளுக்கு இது புது வேலையும் இல்லை. ஊரைவிட்டு விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு நிலமும் குடியிருக்க இடமும் வாங்கிக் கொடுக்கத்தான் 1830-ல் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் பாளையங்கோட்டையில் தர்ம சங்கம் தொடங்கினார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் திக்கற்றுப்போன பிள்ளைகளைச் சேர்த்த நாசரேத்தில், மிஷனரி மர்காசிஸ் ஐயர் அவர்களுக்குச் சோறு போட்டதோடு நிற்காமல் கைத்தொழில் பள்ளியும் வைத்தார். அந்தந்தக் காலத்தில் குடும்பத்துக்கு எது குறைகிறது என்று பார்த்தார்கள், அதைச் செய்தார்கள். அரிசி குறைந்த காலத்தில் நம் பாட்டிமார் அரிசி போட்டார்கள்.

குருவானவரான ஐயரவர்கள் அறியாத வேதம் எனக்குத் தெரியாது. ஆனாலும் அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. ஆதிச் சபையில் இப்படி ஏழு பேர் கொண்ட கமிட்டி போட்டதே, கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகள் வீட்டு விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உதவியில், விடுபட்டுப் போகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுந்ததால்தான். முறுமுறுத்தவர்களை அப்போஸ்தலர்கள் அதட்டவில்லை. விசாரணையை வருஷத்துக்கு ஒருமுறை என்று தள்ளிப்போடவும் இல்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறைபட்டவர்களுக்கு நெருக்கமானவர்கள் கையிலேயே பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. நம் ஏழைகள் நிதி உபகமிட்டியில் அந்த வீடுகளைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

ஆகவே நான் கேட்பது இவை.

மாத உதவியை இந்த மாதமே திரும்பத் தொடங்குங்கள். கிறிஸ்துமஸுக்குத் தனியாக யாராவது கொடுக்க முன்வந்தால் அதை மேலதிகமாக வைத்துக்கொள்ளுங்கள், ஏழைகள் நிதியிலிருந்து எடுக்காதீர்கள். சங்கக் காணிக்கைக்கும் உதவிக்கும் இருக்கிற முடிச்சை அவிழ்த்துவிட்டோம் என்று அதே ஞாயிறு அறிவிப்பில் வாசியுங்கள், இல்லையென்றால் கடன் வாங்கிப் பாக்கி கட்டுகிறவர்கள் இன்னும் கூடுவார்கள். மேடை வேண்டாம், படம் வேண்டாம். போன வருஷப் படங்களைச் சபைக் குழுவிலிருந்தும் முகநூல் பக்கத்திலிருந்தும் இந்த வாரத்துக்குள் நீக்குங்கள். சங்க மண்டபச் சுவரில் மாட்டியிருக்கிற பெரிய பிளெக்ஸையும் இறக்குங்கள், அதில் அந்தப் பிள்ளையின் முகம் இருக்கிறது.

யாருக்கு என்ன தேவை என்று வீடு வீடாகப் பார்த்து முடிவு செய்கிற பொறுப்பை ஐந்து பேர் கொண்ட ஒரு உபகமிட்டிக்குக் கொடுங்கள். மூன்று பேராவது பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து இருக்கட்டும், ஒருவராவது முன்பு இந்த உதவியை வாங்கிப் பிள்ளைகளை ஆளாக்கியவராக இருக்கட்டும். அப்படிப்பட்டவர்கள் நம் சபையில் இருக்கிறார்கள், கேட்டால் சந்தோஷமாக வருவார்கள். ஆட்டோ வாடகையோ, கேஸ் சிலிண்டரோ, கல்லூரி பஸ் கட்டணமோ, தேவை எதுவோ அதைக் கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கட்டும். பெயர்ப் பதிவேடு ஐயரவர்களிடமும் ஆடிட்டரிடமும் மட்டும் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெயர் இல்லாமல், எத்தனை குடும்பம் எவ்வளவு பணம் என்று அறிவிப்புப் பலகையில் போடுங்கள். அரசுத் திட்டங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் மேஜையை அடுத்த ஞாயிறே வாலிபர் ஐக்கியம் தொடங்கலாம், அதற்குக் கமிட்டித் தீர்மானம்கூடத் தேவையில்லை, ஐயரவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இது அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் சேர வேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து இரண்டு பேரை அழையுங்கள், பதிவேட்டோடு வருகிறோம். கூட்டத்துக்கு முன்பே ஐப்பசி வந்துவிடும் என்பதால், இந்த மாத உதவியை மட்டுமாவது கூட்டம் வரைக் காத்திருக்க வைக்காமல் கொடுக்க ஐயரவர்கள் அனுமதி தர வேண்டும். பதிலை எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம், ஆராதனை அறிவிப்பில் வாசியுங்கள்.

இப்படிக்கு,
பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை